ஒரே மஜ்ஜை, இரண்டு அணுக்கள்: ஒரு திறந்த மடல்

மூட்டுக்கும் முதுகுக்கும் இதயத்துக்கும் மஜ்ஜை ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு,

எலும்பின் உட்குழிவில் இருக்கும் மென்மையான திசுதான் எலும்பு மஜ்ஜை. நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுபவர்களுக்கு இது புதிய பொருள் அல்ல. பச்சிளம் குழந்தையின் எலும்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மஜ்ஜை சிவப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கை, கால்களின் நீள எலும்புகளில் கொழுப்பு சேர்ந்து மஞ்சளாகிவிடும். சிவப்பு மஜ்ஜை இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள் போன்ற இடங்களில் தங்கிவிடும். ரத்தம் உற்பத்தியாகும் இடம் அதுதான்.

அந்த உற்பத்தியின் அளவு மலைக்க வைப்பது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும்; ரத்தம் உறையத் துணைபுரியும் தட்டணு ஏறத்தாழ 10 நாள்; வெள்ளையணுக்களில் சில ஓரிரு நாள் கூடத் தாங்குவதில்லை. இந்த இழப்பை ஈடுகட்ட நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை மஜ்ஜை புதிதாக விட வேண்டியிருக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. அது பிளந்து இன்னொன்றைப் பெறாது. ஆகவே எங்கோ அடியில், தானும் தீர்ந்துபோகாமல் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருக்கும் ஓர் அணு இருந்தாக வேண்டும். அதுதான் ஸ்டெம் செல். தமிழில் அதற்குக் குருத்தணு என்று பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகவே வைத்தார்கள். தென்னையில் எத்தனை ஓலை வெட்டினாலும் குருத்து புது ஓலை விடும். குருத்து அழுகினால் மரமே போய்விடும்.

அந்தப் பெயருக்குத் தகுதி பெற ஓர் அணு இரண்டு காரியங்களைச் செய்து காட்ட வேண்டும். ஒன்று, தன்னைப் போன்ற இன்னொன்றை உண்டாக்குவது. மற்றொன்று, பல வகை அணுக்களாக மாறும் வழித்தோன்றல்களை விடுவது. நுண்ணோக்கியில் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ரத்தக் குருத்தணு பார்வைக்குச் சாதாரணமான, சிறிய, உருண்டையான ஓர் அணு. பக்கத்தில் கிடக்கும் வெள்ளையணு ஒன்றோடு எளிதில் குழம்பிவிடும். என்ன செய்கிறது என்பதைக் கொண்டுதான் அதை அடையாளம் காண முடியும். மஜ்ஜை ஆய்வின் வெற்றிகளும் சறுக்கல்களும் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்ததையும் கைவிட்டதையும் ஒட்டியே நடந்திருக்கின்றன.

ரத்தம் மஜ்ஜையில் பிறக்கிறது என்பதை 1868-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் நாய்மனும் இத்தாலியில் ஜூலியோ பிட்சோசேரோவும் தனித்தனியே கண்டார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் இத்துறையில் பெரிய அசைவு இல்லை. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அதைத் தட்டி எழுப்பின. கதிர்வீச்சில் சிக்கியவர்களில் உடனே சாகாதவர்கள் பலர் சில வாரங்களில் ரத்தம் வற்றி, கிருமி தொற்றி இறந்தார்கள். அதற்கு மருந்து தேடிய ஆய்வுகளில், கதிர்வீச்சின்போது சுண்டெலியின் மண்ணீரலை ஈயத்தால் மூடி வைத்தால் எலி பிழைப்பதை லியோன் ஜேக்கப்சன் 1949-ல் காட்டினார். இன்னொரு எலியின் மஜ்ஜையை ரத்தத்தில் செலுத்தினாலும் பிழைப்பதை எகான் லோரன்ஸ் 1951-ல் காட்டினார். மஜ்ஜையில் ஏதோ ஒரு ரசம் இருக்கிறது, அதுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நம்பினார்கள். குரோமோசோமில் அடையாளம் உள்ள எலிகளைக் கொண்டு பிரிட்டனில் 1956-ல் செய்த சோதனை அந்த எண்ணத்தை முறித்தது: பிழைத்த எலியின் மஜ்ஜையில் இருந்தவை கொடுத்த எலியின் அணுக்கள். ரசம் எதுவும் காப்பாற்றவில்லை, அணுக்களே குடியேறியிருந்தன.

குடியேறியவை எவை என்ற கேள்விக்கு டொரான்டோவில் விடை கிடைத்தது. எர்னஸ்ட் மெக்கல்லக் மருத்துவர். ஜேம்ஸ் டில் உயிர் இயற்பியலாளர். கதிர்வீச்சு வாங்கிய எலியைப் பிழைக்க வைக்க எத்தனை மஜ்ஜை அணுக்கள் தேவை என்ற கணக்கைத்தான் இருவரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு வந்த மெக்கல்லக், மஜ்ஜை செலுத்தி 10 நாளான எலிகளை அறுத்துப் பார்த்தபோது மண்ணீரலின் மேல் சின்னச் சின்ன முண்டுகள் புடைத்திருந்தன. வேறொருவர் ஏதோ அழற்சி என்று விட்டிருக்கக்கூடும். அவர் அவற்றை எண்ணினார். செலுத்திய அணுக்கள் கூடினால் முண்டுகளும் அதே விகிதத்தில் கூடின. ஏறத்தாழ 10,000 மஜ்ஜை அணுக்களுக்கு ஒரு முண்டு. ஒவ்வொரு முண்டிலும் பல வகை ரத்த அணுக்கள் விளைந்துகொண்டிருந்தன. இந்த முடிவு 1961-ல் வெளிவந்தது.

முண்டு ஒவ்வொன்றும் ஒரே ஓர் அணுவிலிருந்து முளைத்ததா, பல அணுக்கள் கூடிச் சேர்ந்த குவியலா என்ற ஐயம் மிச்சம் இருந்தது. ஆய்வு மாணவர் ஆண்ட்ரூ பெக்கர் அதைத் தீர்த்தார். கதிர்வீச்சால் குரோமோசோம்களில் தற்செயலான ஊறுகளை உண்டாக்கினால், ஒவ்வோர் அணுவுக்கும் கைரேகை போல ஒரு தனி அடையாளம் விழும். ஒரு முண்டுக்குள் எல்லா அணுக்களும் ஒரே ரேகையைச் சுமந்திருந்தன. அதே 1963-ல், ஒரு முண்டைக் கலைத்து வேறொரு எலிக்குச் செலுத்தினால் அதிலிருந்து புது முண்டுகள் எழுவதையும் அக்குழு காட்டியது. பல வகையாக மாறுவது, தன்னைத் தானே புதுப்பிப்பது என்ற இரண்டு தகுதிகளும் முதல்முறையாக எண்ணிக்கையோடு நிறுவப்பட்டன. பின்னாளில் அந்த முண்டுகளில் பலவற்றை முளைக்க வைத்தவை முதன்மைக் குருத்தணு அல்ல, அதற்கு ஒரு படி கீழே உள்ளவை என்று தெரிய வந்தது. ஆனாலும் முறை நிலைத்தது. அணுவின் மேற்பரப்பில் உள்ள சி.டி.34 என்ற புரதத்தை 1984-ல் கண்டுபிடித்ததும், 1988-ல் எலியின் குருத்தணுவை ஏறக்குறையத் தூய்மையாகப் பிரித்ததும், எதிர்ப்பாற்றல் இல்லாத எலியில் ஒற்றை மனிதக் குருத்தணு ரத்தத்தை மீண்டும் உருவாக்குவதை 2011-ல் அதே டொரான்டோவில் ஜான் டிக் குழு காட்டியதும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கின் தொடர்ச்சி.

மனிதரிடம் இது சிகிச்சையாக மாறிய பாதை கரடுமுரடானது. டானல் தாமஸ் 1957-ல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தினார். ஆறு பேருமே 100 நாளைத் தாண்டவில்லை. 1958 அக்டோபரில் யுகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் நடந்த விபத்தில் ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளாகிப் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஜார்ஜ் மத்தே அவர்களில் ஐந்து பேருக்கு மஜ்ஜை செலுத்தினார். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் பிழைத்தார்கள். பெரிய வெற்றியாகப் பேசப்பட்ட அந்த நிகழ்ச்சியில் ஒரு முடிச்சு உண்டு. வந்த அணுக்கள் சிறிது காலமே தங்கின. பிழைத்தவர்களின் சொந்த மஜ்ஜைதான் மெல்லத் தேறி எழுந்தது. சிகிச்சைக்குப் பின் குணமானார் என்பதும் சிகிச்சையால் குணமானார் என்பதும் ஒன்றல்ல. ஊசி போட்டபின் முழங்கால் வலி குறைந்த கதைகளைக் கேட்கும்போதும் இதே முடிச்சு குறுக்கே வரும்.

அடைப்பு எங்கே இருந்தது என்பது பிறகு விளங்கியது. ஒவ்வொருவரின் அணுக்களும் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்களைச் சுமக்கின்றன. ஜான் டாசே 1958-ல் அவற்றில் முதலாவதை விவரித்தார். அடையாளம் பொருந்தாவிட்டால் உடல் வந்த மஜ்ஜையைத் தள்ளும். அதைவிடக் கொடியது இதன் தலைகீழ்: வந்த மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளையணுக்கள் புகுந்த உடலையே அந்நியமாகக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். 1968-ல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் குழு, எதிர்ப்பாற்றல் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு அடையாளம் நெருங்கிய சகோதரியின் மஜ்ஜையைக் கொடுத்து வென்றது. நாய்களில் பொறுமையாகப் பல ஆண்டுகள் உழைத்த தாமஸ் சியாட்டிலில் ரத்தப் புற்றுநோய்க்கு இதை நிலையான சிகிச்சையாக்கி 1990-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2012 முடிவதற்குள் உலகில் 10 லட்சம் பேர் இந்தச் சிகிச்சையைப் பெற்றிருந்தார்கள். இந்தியாவில் முதல் மாற்று 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986-ல் தொடங்கியது.

இதைப் பலர் இன்னும் மாற்று அறுவை என்றே சொல்கிறார்கள். பெறுபவருக்கு அறுவை எதுவும் இல்லை. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை தொங்கும், ரத்தக்குழாய் வழியே இறங்கும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் பழைய மஜ்ஜையை ஒழிக்கக் கொடுக்கும் மருந்தும், பிறகு ரத்தம் ஊறும்வரை இரண்டு மூன்று வாரம் கிருமிக்கு அஞ்சிக் காத்திருப்பதும்தான் கடினம். ரத்தத்தில் இறங்கிய குருத்தணுக்கள் மஜ்ஜைக்கு வழியைத் தாமே கண்டுபிடிக்கின்றன. மஜ்ஜையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளின் வாடையைப் பிடித்துக்கொண்டு அவை போய்ச் சேர்கின்றன என்று சொல்லலாம். அந்தப் பிடியை மருந்தால் தளர்த்தினால் அவை எதிர்த்திசையில் ரத்தத்துக்குள் வந்துவிடும். பிளெரிக்ஸஃபோர் என்ற அந்த மருந்து எச்.ஐ.வி.க்காகத் தேடப்போய்க் கிடைத்தது. இன்று கொடையாளர்களில் பெரும்பாலோரிடம் இடுப்பெலும்பைத் துளைப்பதில்லை, ஜி.சி.எஸ்.எஃப். ஊசியை நான்கைந்து நாள் போட்டு, கையிலிருந்து ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் பிரித்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது ஓர் அணுவின் கதை. மஜ்ஜையில் இரண்டாவது ஒன்றும் இருக்கிறது. விளம்பரங்களில் மூட்டுக்கும் முதுகுக்கும் வாக்களிக்கப்படுவது அதுதான்.

மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் 1960-களில் மஜ்ஜையைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து வளர்த்தார். ரத்த அணுக்கள் மிதந்து போய்விட, சில அணுக்கள் மட்டும் தட்டில் ஒட்டிக்கொண்டு கதிர் போன்ற வடிவில் கூட்டம் கூட்டமாகப் பெருகின. அவற்றை எலியின் உடலில் எலும்பே இல்லாத இடத்தில் வைத்தபோது அங்கே ஒரு குட்டி எலும்பு உருவானது. அதன் உள்ளே மஜ்ஜையும் வந்தது. எலும்பு கொடுத்த எலியுடையது. அதற்குள் குடிவந்த ரத்த அணுக்களோ வைக்கப்பட்ட எலியுடையவை. வீட்டைக் கட்டுவது ஓர் அணு, அதில் வாழ்வது இன்னோர் அணு என்பது இதைவிடத் தெளிவாக வேறு எந்தச் சோதனையிலும் வெளிப்பட்டதில்லை. குருத்தணு குருத்தணுவாகவே நீடிக்க அந்த வீடு தேவை என்ற கருத்தை 1978-ல் மான்செஸ்டரில் ரே ஸ்கோஃபீல்ட் முன்வைத்தார்; அதற்கான சான்றுகள் பிறகு வந்து சேர்ந்தன.

ஒட்டிக்கொள்ளும் இந்த அணுக்களுக்கு அமெரிக்காவில் ஆர்னல்ட் கப்ளான் 1991-ல் மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர் சூட்டினார். எம்.எஸ்.சி. என்று சுருக்கம். தட்டில் வைத்து உரிய வேதிப்பொருள்களைக் கொடுத்தால் அவை எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு அணுக்களாக மாறுவதை 1999-ல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பெயர் சட்டென்று பரவியது. கொழுப்பு, தொப்புள்கொடி, பல் என்று எங்கெங்கோ இருந்து தட்டில் ஒட்டும் அணுக்களை எடுத்து எல்லாவற்றுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அவற்றில் பலவற்றுக்குத் தன்னைப் புதுப்பிக்கும் தகுதி உடலுக்குள் சோதிக்கப்படவே இல்லை. சர்வதேச உயிரணு சிகிச்சைச் சங்கம் 2005-ல் ஸ்டெம் செல் என்பதை விட்டு ஸ்ட்ரோமா அணு, அதாவது தாங்குதிசு அணு, என்று சொல்லுமாறு பரிந்துரைத்தது. பெயர் சூட்டிய கப்ளானே 2017-ல் அதை மாற்றுங்கள் என்று எழுதினார். இவை உறுப்பாக மாறி ஓட்டையை அடைப்பதில்லை, சுற்றியுள்ள அணுக்களுக்குச் சைகை அனுப்புகின்றன என்பது அவர் வாதம். அதற்குள் பழைய பெயர் விளம்பரப் பலகைகளில் ஏறிவிட்டிருந்தது. வியாபாரத்துக்கு உதவும் பெயரை இறக்குவது கடினம்.

ரத்தக் குருத்தணுவின் புகழை வேறு உறுப்புகளுக்கும் நீட்டும் முயற்சியும் இதே காலத்தில் நடந்தது. மாரடைப்பு வந்த எலியின் இதயத்தில் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினால் அவை இதயத் தசையாகவே மாறி விடுகின்றன என்று பியரோ ஆன்வெர்சாவும் டொனால்ட் ஆர்லிக்கும் 2001-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகமே பரபரத்தது. எலிச் சோதனையை மற்றவர்கள் திரும்பச் செய்து பார்ப்பதற்குள் மனிதருக்குச் செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். 2004-ல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் அதே நேச்சரில் பதில் எழுதின: அடையாளம் இட்ட அணுக்களைத் தொடர்ந்து பார்த்ததில் அவை ரத்த அணுக்களாகவே இருந்தன, இதயத் தசையாக மாறவில்லை. ஆனாலும் சோதனைகள் நிற்கவில்லை. மாரடைப்புக்குப் பின் மஜ்ஜை அணுக்கள் உயிரைக் காக்கின்றனவா என்று பார்க்க ஐரோப்பாவில் தொடங்கிய பாமி என்ற ஆய்வுக்கு 3,000 பேர் தேவைப்பட்டார்கள். 375 பேரே சேர்ந்தார்கள். 2020-ல் வெளியான அதன் முடிவிலிருந்து பலன் உண்டு என்று சொல்ல முடியவில்லை. இதற்கிடையே 2018-ல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும் ஆன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு இதழ்களைக் கேட்டுக்கொண்டன. பெரியவர்களின் மஜ்ஜையில் ஏறக்குறைய எந்தத் திசுவாகவும் மாறும் ஓர் அணு இருக்கிறது என்று 2002-ல் நேச்சரில் வந்து ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்ட மின்னசோட்டா ஆய்வும், படங்களில் கோளாறு என்று 2024-ல் திரும்பப் பெறப்பட்டது.

டொரான்டோவில் முண்டு ஒவ்வொன்றும் எந்த அணுவிலிருந்து வந்தது என்று ரேகை பார்த்த பிறகுதான் அடுத்த அடி வைத்தார்கள். இதய ஆய்வில் அந்த அடி தாண்டப்பட்டது. வித்தியாசம் இவ்வளவே, அதற்கு இருபது ஆண்டும் எண்ணற்ற நோயாளிகளின் நம்பிக்கையும் விலையாயின.

எம்.எஸ்.சி. முழுவதும் வெறுங்கை என்று சொல்வதும் தவறு. ரத்தக்குழாய் வழியே செலுத்தினால் இவை பெரும்பாலும் நுரையீரலில் சிக்கிச் சில நாள்களில் மறைந்துவிடுகின்றன. ஆனால் அதற்குள் எதிர்ப்பாற்றலின் கோபத்தைத் தணிக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. மஜ்ஜை மாற்றுக்குப் பின் வந்த அணுக்கள் உடலைத் தாக்கும் அந்தக் கொடிய நோயில், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத குழந்தைகளுக்கு இவை பயன்படுகின்றன. கனடா 2012-ல் நிபந்தனையோடும் ஜப்பான் 2015-லும் ஒப்புதல் கொடுத்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு, 2024 டிசம்பரில் ரயான்சில் என்ற பெயரில் அனுமதித்தது. முழங்கால் தேய்மானத்தில் நிலைமை வேறு. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, சுழற்றி, அடர்த்தியாக்கி, அதே நாளில் மூட்டில் செலுத்துவதுதான் பல இடங்களில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று விற்கப்படுகிறது. மஜ்ஜையில் எம்.எஸ்.சி. 10,000 அணுவில் ஒன்று முதல் 1 லட்சத்தில் ஒன்று வரைதான். அடர்த்தியாக்கிய பிறகும் அந்தக் குழம்பில் மிகப் பெரும்பாலானவை வேறு அணுக்களே. அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்டவர்களிடம் மஜ்ஜை அடர்வு, கொழுப்பு அணுக்கள், தொப்புள்கொடி அணுக்கள் மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டு ஊசியை விஞ்சவில்லை. விலையில் மட்டும் பல மடங்கு விஞ்சும்.

ரத்தக் குருத்தணுவின் ஆய்வு இன்று வேறு திசையில் விரிகிறது. 59 வயதான ஒருவரின் அணுக்களில் வாழ்நாளெல்லாம் சேர்ந்த சிறு மரபணுப் பிழைகளைப் படித்து, ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் 50,000 முதல் 2 லட்சம் வரை இருக்கும் என்று 2018-ல் கணக்கிட்டார்கள். பெக்கரின் ரேகை உத்திதான் இதுவும். கருவி மட்டும் மாறியிருக்கிறது. முதுமையில் சில குருத்தணுக்களின் கிளைகளே ரத்தத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வதும், 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இப்படி நேர்வதும், அது ரத்தப் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பைக் கூட்டுவதும் 2014 முதல் தெளிவாகி வருகின்றன. உடலுக்கு வெளியே குருத்தணுவைப் பெருக்குவது நெடுநாள் தலைவலி. தட்டில் வைத்தால் அது வேறு அணுவாக மாறித் தன் இயல்பை இழந்துவிடும். எலிக் குருத்தணுக்களுக்கு ஆல்புமின் புரதத்துக்குப் பதிலாகப் பாலிவினைல் ஆல்கஹாலைக் கொடுத்து நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கலாம் என்று 2019-ல் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். பசை செய்ய உதவும் மலிவான சரக்கு அது.

மரபணுவைத் திருத்தி நோயாளியின் சொந்தக் குருத்தணுவையே திருப்பித் தருவது இன்னொரு வழி. பாரிஸில் 1999-ல் தொடங்கிய முயற்சியில் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகள் தேறினார்கள். ஆனால் பத்துப் பேரில் நால்வருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்தது. புதிய மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸ், புற்றுநோயைத் தூண்டும் மரபணுவின் அருகில் போய் உட்கார்ந்திருந்தது. குருத்தணுவில் விழும் பிழை அதன் வம்சம் முழுவதும் தொடரும். அதன் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பாதுகாப்பான வைரஸ்கள் பிறகு வந்தன. தலசீமியாவுக்கும் சிக்கிள் செல் நோய்க்கும் மரபணுக் கத்தரியால் திருத்திய குருத்தணு சிகிச்சையைப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதித்தது. வேலூரில் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழு கடுமையான ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவரின் குருத்தணுவில் ரத்தம் உறையத் தேவையான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது. கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அந்த முடிவு வெளிவந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் இந்த இரண்டு அணுக்களுக்கும் இடையே கோடு போட்டிருக்கின்றன. ரத்த நோய்களுக்கு ரத்தக் குருத்தணு மாற்று என்பது சிகிச்சை. மூட்டு, முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சிக் கோளாறு, நீரிழிவு என்று மற்ற எதற்குக் கொடுத்தாலும் அது ஆய்வு மட்டுமே என்று அந்த நெறிகள் வகுத்தன. நெறிக்குழுவின் ஒப்புதலோடு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து நடத்த வேண்டியது. ஆய்வுக்கு உட்படுபவரிடம் அந்த ஆய்வுக்கான செலவை வாங்கக் கூடாது என்பதும் ஆய்வு நெறி. பதிவேடு இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால் எந்த அணு, எந்த நோய், எத்தனை பேர், யார் நடத்துகிறார்கள் என்ற விவரம் வந்துவிடும். பதிவு எண் இல்லாமல் கட்டண ரசீது மட்டும் கிடைக்கும் இடத்தில் நடப்பது அந்த நெறிகளின்படி சிகிச்சையும் அல்ல, ஆய்வும் அல்ல.